பரக்கத் அலி பார்க்காத குதிரை

திருச்சி பாலக்கரையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த பரக்கத் அலியைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் நல்லதைத்தான் சொல்வார்கள். எடை குறைக்க மாட்டார், வாய்ச்சண்டைக்குப் போக மாட்டார், வேளை தவறாமல் தொழுகைக்குப் போவார் என்பார்கள். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, "ஆனா ஆளு ஒரு மாதிரி அசமந்தம்" என்று முடிப்பார்கள். பரக்கத் அலிக்கும் இது தெரியும். தெரிவதென்ன, நாற்பது வயது தாண்டிய பிறகும் அதை அவரே முழுதாக நம்பிக்கொண்டிருந்தார்.

சின்ன வயதிலேயே அது தொடங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் மாமரம் வரையச் சொன்னபோது இலைக்கெல்லாம் செங்கல் நிறம் பூசிக் கொண்டுபோய் நீட்டினார். "என்னடா, என்கிட்டயே விளையாட்டா?" என்று டிராயிங் வாத்தியார் முழங்கையில் அடித்தார். மொட்டைமாடியில் காயும் மிளகாயில் பழமாகப் பார்த்துப் பொறுக்கி வரச் சொன்னால், காயும் பழமுமாக அள்ளிக்கொண்டு வருவார். அவருடைய அம்மா முறத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மனசை எங்க வச்சிட்டு வந்தே?" என்பார். மனசை அவர் எங்கும் வைக்கவில்லை. முறத்தின் மேல்தான் வைத்திருந்தார். அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

அவர் குடும்பத்துக்குப் பெரிய கடை வீதியில் ஜவுளிக்கடை இருந்தது. அவர்கள் அத்தா என்று கூப்பிடுகிற அப்பா தொடங்கிய கடை. அண்ணன் குத்புதீன் பத்தாவது முடித்ததும் கடைக்கு வந்துவிட்டார். சில வருஷம் கழித்துத் தம்பி பரக்கத்தும் வந்தார். ஜவுளிக்கடையில் எப்படித்தான் காலம் தள்ளினார் என்று இப்போது கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். அலமாரியில் எந்தத் தட்டில் எது இருக்கிறது என்பதை அவர் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார். கிளிப்பச்சை என்றால் இடது பக்கம் மேல்தட்டு. அரக்கு என்றால் கண்ணாடிக்குப் பக்கத்தில் கீழ்த்தட்டு. துணியைத் தொட்டால் நூலின் தரம் சொல்வார். யாராவது தட்டை மாற்றி அடுக்கிவிட்டால்தான் தடுமாறிப் போவார். அந்த மாதிரி நாட்களில் அண்ணன் சத்தம் போடுவார். அத்தா தலையை மட்டும் ஆட்டுவார்.

எழுபதாம் வருஷம் தை மாதம் தொட்டியத்திலிருந்து ஒரு வாழைத்தோட்டக்காரர் குடும்பம் மகள் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்தது. முகூர்த்தத்துக்கு அரக்கு நிறத்தில் ஒரு பட்டுச் சேலையைத் தேர்ந்தெடுத்தார்கள். கரையில் சிறு கறை இருந்ததால், அதே நிறத்தில் வேறொன்று எடுத்துக் கட்டிவைக்கும்படி சொல்லிவிட்டு மலைக்கோட்டைக்குப் போனார்கள். கட்டியவர் பரக்கத் அலி. அன்று காலைதான் தட்டுகளைத் துடைத்து மாற்றி அடுக்கியிருந்தார்கள். மாலையில் பெண்ணின் அப்பா பெட்டியைப் பிரிக்காமலே வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

கல்யாணத்தன்று விடியற்காலை மணமேடைக்குப் பக்கத்து அறையில் பெட்டியைத் திறந்தால், உள்ளே வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு சேலை. பெண்ணின் அம்மா, "நல்ல காரியத்துக்கு இப்படியா?" என்று அலறியிருக்கிறார். எப்படியோ சொந்தக்காரப் பெண் ஒருத்தியின் சேலையைக் கட்டித் தாலி ஏறியது. மறுநாள் ஒரு வேன் நிறைய ஆட்கள் கடை வாசலில் வந்து இறங்கினார்கள். வீதியே கூடிவிட்டது. அத்தா கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். யார் முன்னாலும் அவர் கைகூப்பி அதுவரை பிள்ளைகள் பார்த்ததில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அத்தா சொன்னது ஒரே வார்த்தைதான். "இனிமே இந்தக் கடைப்படி ஏறாதே."

அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருக்கலாம். அண்ணன் சொன்னதுதான் நெஞ்சில் தைத்தது. அதற்கு முந்தின வாரம்தான், தனக்குப் பிறகு கடை குத்புதீன் பொறுப்பு என்று அத்தா எல்லோர் முன்னாலும் அறிவித்திருந்தார். அதை நினைத்துக்கொண்டு அண்ணன் சொன்னார்: "இவன் வேணும்னேதான் பண்ணியிருக்கான். அரக்குக்கும் காப்பிக் கலருக்கும் வித்தியாசம் தெரியாத ஜவுளிக்காரன் உண்டா? கடை பேரு கெடணும்னே செஞ்சிருக்கான்."

பரக்கத் அலி அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டு மறுத்திருக்கலாம். ஆனால் ஆணையிடும் அளவுக்குத் தன் மேலேயே அவருக்கு நம்பிக்கை இல்லை. அந்தச் சேலையைக் கையில் எடுத்தது நன்றாக நினைவிருந்தது. பார்த்துத்தான் எடுத்தார். பிறகு எப்படி? தனக்கே தெரியாமல் மனதின் அடியில் ஒரு பொறாமை உட்கார்ந்துகொண்டு கையைத் திருப்பிவிட்டதோ? அன்று நுழைந்த அந்தச் சந்தேகம் அவரை விட்டுப் போகவே இல்லை.

மாமனார் உதவியில் பாலக்கரையில் இரும்புக் கடை வைத்தார். ஆணி, கொக்கி, தாழ்ப்பாள், சங்கிலி. அங்கே நிறம் கேட்டு யாரும் வரவில்லை. தொழில் ஓடியது. மூன்று வருஷத்தில் அத்தா மவுத்தானார். உடலைச் சுமந்த சந்தூக்குக்கு அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்தார்கள். பேச்சு மட்டும் இல்லை. பெருநாள் அன்று பள்ளிவாசலில் ஸலாம் சொல்லிக் கட்டித் தழுவுவார்கள். ஊருக்காகத் தழுவுகிற தழுவல் அது.

பரக்கத் அலியின் மனைவி சுராயாவுக்குக் கணவன் மேல் உயிர். இருந்தாலும் தக்காளி வாங்கி வரச் சொல்லும்போதெல்லாம் பெருமூச்சு விடுவாள். "ஏங்க, இதுல பாதி காய்ங்க. பார்த்துத்தான் வாங்கினீங்களா?" என்பாள். அவர், "கவனிக்கலம்மா" என்று தலையைச் சொறிந்துகொள்வார். அமுக்கிப் பார்த்து வாங்கக் கற்றுக்கொண்ட பிறகு காய் வருவது குறைந்தது.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஒருநாள் பேட்ரிசியா என்ற அம்மாள் கடைக்கு வந்தார். சென்னையில் ஓவியம் படித்து, வெளிநாட்டிலும் சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். கண்டோன்மெண்டில் தன் அப்பா விட்டுப்போன பழைய பங்களாவை வெள்ளையடித்து, ஆர்ட் கேலரி ஒன்று திறக்கப் போவதாகச் சொன்னார். திருச்சிக்கு அது புதுசு. ஓவியம் பார்ப்பதற்கென்றே ஒரு கட்டடமா என்று பரக்கத் அலிக்கு வியப்பாக இருந்தது. படங்களை மாட்டுவதற்குக் கொக்கியும் சங்கிலியும் அவரிடம்தான் வாங்கினார். நேரில் போய்ச் சுவர்களைப் பார்த்துவிட்டு, கனமான படங்களுக்கு எந்தச் சங்கிலி தாங்கும் என்று பரக்கத் அலி எடுத்துக் கொடுத்தார்.

திறப்பு விழாவுக்கு இரண்டொரு நாள் இருக்கும்போது பேட்ரிசியா மறுபடி வந்தார். "பாய், எத்தனையோ தேசத்துப் படங்க உங்க கொக்கியிலதான் தொங்குது. நீங்க வந்து பார்க்காம இருந்தா எப்படி? வீட்டம்மாவையும் அழைச்சிட்டு வாங்க" என்றார்.

"நமக்கு அதெல்லாம் என்ன புரியப் போகுது?" என்றுதான் பரக்கத் அலி வீட்டில் சொன்னார். சுராயா விடவில்லை. "புரியலன்னா சும்மா பார்த்துட்டு வருவோம். காசா பணமா? கூப்பிட்ட மரியாதைக்குப் போகணும்ங்க" என்றாள்.

வாசலில் பெரிய எழுத்தில் 'சிவப்பு' என்று எழுதி வைத்திருந்தார்கள். ஜப்பான், போலந்து, மெக்சிகோ, ஹங்கேரி, நைஜீரியா என்று பல தேசத்து ஓவியர்கள், சிவப்பை மட்டும் பொருளாக எடுத்துக்கொண்டு வரைந்த படங்கள். சாயங்கால வெளிச்சத்தில் பங்களா கலகலவென்று இருந்தது. கல்லூரி ஆசிரியர்கள், பொன்மலை ரயில்வே அதிகாரிகள், டாக்டர்கள், பட்டுப்புடவை மாமிகள், வேடிக்கை பார்க்க வந்த மாணவர்கள். உள்ளே நுழைந்ததும் சுராயா, "யா அல்லாஹ்!" என்று நின்றுவிட்டாள். "என்னங்க இது, வீடே பத்தி எரியிற மாதிரி இருக்கு!"

பரக்கத் அலியும் பார்த்தார். அவருக்கு ஒன்றும் எரியவில்லை. மங்கலாக, அழுக்கேறிய மாதிரி, சில இடத்தில் கறுப்பாக, சில இடத்தில் சேற்று நிறமாகத் தெரிந்தது. இவ்வளவு தூரம் கொண்டுவந்து இதையா மாட்டுகிறார்கள் என்று தோன்றியது. சொல்லவில்லை. சொன்னால் அசமந்தம் என்பார்கள்.

நடு அறையில் ஒரு சுவர் முழுக்க ஒரே படம். போலந்து நாட்டுப் பெண் வரைந்தது. அதன் முன்னால் கூட்டம். ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த ஒரு மாமி, "குதிரைன்னா குதிரை, என்னமா பாயறது பாருங்கோ!" என்று கூடவந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு குழந்தை படத்தைக் காட்டிக் கைதட்டியது. சுராயா கணவரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "பாருங்களேன், இலைக்கு நடுவுல எப்படி ஓடி வருது!"

பரக்கத் அலி பார்த்தார். சின்னச் சின்னத் தீற்றல்கள். மேலிருந்து கீழ்வரை இலை மாதிரி, சருகு மாதிரி தீற்றல்கள். வேறொன்றுமில்லை.

"எது?"

"குதிரைங்க."

"எங்கே குதிரை?"

கேள்வி கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர், "சுவரளவு குதிரை பாய்! இன்னும் பெரிசா வரையணும்னா மலைக்கோட்டை மேலதான் வரையணும்" என்றார். கெட்ட மனதோடு சொல்லவில்லை. ஆனாலும் பரக்கத் அலிக்குக் காது சுட்டது. அந்தச் சூடு அவருக்குப் பழக்கமானது. டிராயிங் வகுப்பில், மொட்டைமாடியில், தொட்டியத்துக்காரர்கள் வந்த அன்று கடை வாசலில், ஒவ்வொரு முறையும் இதே இடத்தில்தான் சுட்டது. "கொஞ்சம் காத்தாட நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

பின்னாலேயே ஒருவர் வந்தார். நரைத்த மீசை, வெள்ளை அரைக்கைச் சட்டை. "என் பேரு அற்புதசாமி. புத்தூர்ல கண் டாக்டர்" என்று அறிமுகம் செய்துகொண்டார். "தப்பா நினைக்காதீங்க. உள்ளே குதிரை நிஜமாவே உங்களுக்குத் தெரியலையா?"

"நான் சரியாக் கவனிக்கல, டாக்டர்."

"கவனிச்சீங்க. நான் உங்க முகத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்." டாக்டர் தோட்டத்துப் பக்கம் கை நீட்டினார். வராந்தாவுக்கு அருகே ஒரு செம்பருத்திச் செடி புதராக வளர்ந்திருந்தது. "அந்தச் செடியில பூ இருக்கா?"

பரக்கத் அலி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இல்லீங்க."

அதற்குள் தேடிக்கொண்டு வந்துவிட்ட சுராயா திகைத்துப் போனாள். "என்னங்க சொல்றீங்க? செடி பூராவும் பூவா இருக்கே!"

டாக்டர் அவரைச் செடிக்குக் கிட்டே அழைத்துப் போனார். கிட்டே போனதும் இதழின் வடிவம் தெரிந்தது. ஒன்று, இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னும் நிறைய. பரக்கத் அலி ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தார். "இருக்குங்க" என்றார், ஏதோ திருட்டில் அகப்பட்டவர் மாதிரி.

"நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கு வாங்க. பயப்பட ஒண்ணுமில்லை" என்றார் டாக்டர்.

பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னால் யாருக்குத்தான் பயம் வராது? பார்வை போகப் போகிறதோ என்று நினைத்துக்கொண்டேதான் பரக்கத் அலி மறுநாள் புத்தூருக்குப் பஸ் ஏறினார். சுராயா வழியெல்லாம் ஓதிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் ஒரு புத்தகத்தைப் பிரித்து வைத்தார். பக்கத்துக்குப் பக்கம் வட்டமாகப் புள்ளிகள். புள்ளிகளுக்குள்ளே என்ன எண் இருக்கிறது என்று கேட்டார். பெரும்பாலான பக்கங்களில் பரக்கத் அலிக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன. பின்னால் நின்ற சுராயா ஒவ்வொன்றையும் பட்டென்று படித்தாள். நாலாவது பக்கத்தில் அவளுக்கே ஏதோ விளங்கிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

புத்தகத்தை மூடிவிட்டு டாக்டர் நிதானமாகச் சொன்னார். "சிவப்பும் பச்சையும் மத்தவங்களுக்குத் தெரியிற மாதிரி உங்களுக்குத் தெரியாது. அதான் பச்சை இலைக்கு நடுவுல அந்தச் சிவப்புக் குதிரை மறைஞ்சு போச்சு. பிறக்கும்போதே அப்படி. நோய் இல்லை. பார்வை போகாது. மருந்தும் கிடையாது, தேவையும் இல்லை. நூறு ஆம்பளைங்களை நிறுத்தினா அதுல சில பேருக்கு இது இருக்கும். பாதிப் பேருக்கு இருக்கிறதே தெரியாது."

பரக்கத் அலி கேட்டார். "அப்ப இது கவனக்குறைவு இல்லீங்களா?"

"இல்லை."

"நான் நல்லாக் கவனிச்சிருந்தா தெரிஞ்சிருக்காதா?"

"நாள் முழுக்க உத்துப் பார்த்தாலும் தெரியாது."

"அரக்குச் சேலையும் காப்பிக் கலர் சேலையும்..."

"உங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவர் நாற்காலி நுனிக்கு நகர்ந்து வந்தார். "மனசுல எதையாவது வச்சுக்கிட்டு, வேணும்னே செஞ்சது... அப்படி இருக்க முடியாதுங்களா, டாக்டர்?"

டாக்டருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "யாராவது வேணும்னே கண்ணை இப்படி வச்சுக்குவாங்களா, பாய்?" என்றார்.

பரக்கத் அலி தலையிலிருந்த தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அது துக்கத்து அழுகை இல்லை. வெகுதூரம் சுமந்து வந்த மூட்டையை இறக்கி வைத்தவன் மூச்சு விடுவது போல, உடம்பெல்லாம் தளர்ந்து அழுதார். டாக்டர் எழுந்து மின்விசிறியை வேகமாக வைத்தார். சுராயாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத்தனை வருஷமா தக்காளிக்கு உங்களைத் திட்டியிருக்கேனே" என்றாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாக, "எங்களுக்கு ரெண்டும் பொண்ணுங்க டாக்டர், அதுங்களுக்கு?" என்று கேட்டாள்.

"பெண்களுக்கு ரொம்ப அபூர்வம். ஆனா அவங்க மூலமா பேரனுக்கு வரலாம்."

"வரட்டும்" என்றாள் சுராயா. "வந்தா அந்தப் பிள்ளையை யாரும் அடிக்க விட மாட்டோம்."

வெளியே வந்ததும் பரக்கத் அலி பாலக்கரைக்குப் போகிற பஸ்ஸைத் தேடினார். சுராயா அவரை எதிர்ப்பக்கம் இழுத்தாள். "பெரிய கடை வீதிக்குப் போறோம்."

"வேணாம் சுராயா. இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு?"

"உங்களுக்காக இல்லைங்க. அவருக்கும்தான் தம்பி மேல ஒரு கசப்பு இருக்கு. அது உள்ளேயே கிடந்து அவரைத் தின்னட்டும்னு விடலாமா?"

அவர் அவள் பின்னால் நடந்தார்.

கடையில் கூட்டம் இல்லாத நேரம். குத்புதீன் கணக்குப்பிள்ளையிடம் பேசிக்கொண்டிருந்தவர், படியருகே தம்பி தயங்கி நிற்பதைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார். பரக்கத் அலி படி ஏறவில்லை. சுராயாதான் ஏறிப்போய் நடந்ததையெல்லாம் சொன்னாள். குத்புதீன் புருவத்தை உயர்த்தினார்.

"சிவப்பு பச்சை தெரியாதா? ஜவுளிக்கடையில பிறந்து வளர்ந்தவனுக்கா? யாரு சொன்னது? அவனை மேல வரச் சொல்லு."

பரக்கத் அலி பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தப் படியில் கால் வைத்தார். குத்புதீன் எழுந்துபோய் அலமாரியிலிருந்து இரண்டு பட்டுத் துணிகளை உருவி மேஜையில் போட்டார். "இதுல அரக்கு எது?"

பரக்கத் அலி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். தொட்டார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இதுண்ணே" என்றார்.

அது காப்பிக் கலர்.

குத்புதீன் இரண்டையும் மேஜைக்குக் கீழே கொண்டுபோய் மாற்றி எடுத்தார். "இப்போ?" அந்தத் தடவை சரியாகச் சொன்னார். மறுபடி தப்பு. அண்ணன் வேறு துணிகளை எடுத்துப்போட்டார். பாசிப்பச்சை, செங்கல், மாதுளை. பரக்கத் அலியின் நெற்றி வியர்த்தது. தேறிவிட வேண்டும் என்று துடிக்கிற மாணவனைப் போல ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்து, ஒவ்வொன்றாகத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நடிக்கிறவன் இப்படி வியர்க்க மாட்டான். சின்ன வயதில் மிளகாய் முறத்தோடு அம்மா முன்னால் நின்ற முகம் அது. குத்புதீனுக்கு அந்த முகம் தெரியும்.

"போதும்டா" என்றார். பிறகு மெல்லக் கேட்டார். "அன்னைக்கு நீ வேணும்னே செய்யலையா?"

"எனக்கே தெரியலண்ணே. செஞ்சிருப்பேனோன்னுதான் இத்தனை நாளா நானே நெனைச்சிட்டு இருந்தேன்."

குத்புதீன் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து தம்பியைக் கட்டிக்கொண்டார். ஊருக்காகத் தழுவுகிற தழுவல் இல்லை இது. "உன்னைக் கொன்னு போட்டேனேடா, ஒரு வார்த்தையில கொன்னு போட்டேனே" என்று விம்மினார். முகத்தைத் துடைக்கக் கையில் கிடைத்த துணியை எடுத்தார். கணக்குப்பிள்ளை பதறிப்போய், "முதலாளி, அது பட்டு, அது பட்டு!" என்றார். மூன்று பேரும் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டார்கள்.

"அத்தா இருக்கும்போதே இது தெரிஞ்சிருக்கக் கூடாதா?" என்றார் குத்புதீன்.

"எப்பவாவது தெரிஞ்சுதே, அதுவே போதும்ணே" என்றார் பரக்கத் அலி.

அன்று பகல் சாப்பாடு அண்ணன் வீட்டில். அண்ணி சாரா பீவி ஆள்மாற்றி ஆள் கேள்வி கேட்டுக்கொண்டே பரிமாறினார். நடுவில் தட்டிலிருந்த ஊறுகாயைக் காட்டி, "இது எப்படித் தெரியுது தம்பி?" என்று ஆர்வமாகக் கேட்டார். "காரமாத் தெரியுது அண்ணி" என்றார் பரக்கத் அலி. வீடே சிரித்தது. அந்த வீட்டில் அவர் இப்படிப் பேசி யாரும் கேட்டதே இல்லை.

கண்காட்சி முடிவதற்குள் குத்புதீன் தம்பியை அழைத்துக்கொண்டு அந்தப் பங்களாவுக்குப் போனார். அவர் பதினாறு வயதிலிருந்து நிறங்களோடு வாழ்ந்தவர். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று, தம்பியின் காதருகே ஜவுளிக்கடைப் பேச்சிலேயே சொல்லிக்கொண்டு வந்தார். "இது வெங்காயத்தோல் கலர்டா. பக்கத்துல மாதுளம்பூ. மேல போறப்ப குங்குமமாகி, ஓரத்துல அரக்கு தட்டுது. நம்ம கடையில இப்படி ஒரு சேலை வந்தா அன்னைக்கே வித்துரும்." பரக்கத் அலிக்கு அது எதுவும் கண்ணில் தெரியவில்லை. ஆனால் அண்ணன் குரல் ஏறுவதையும் இறங்குவதையும் கேட்டுக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டியபடி, ஒரு சுவரையும் விடாமல் பார்த்தார். யாரோ ஒருவர், "எப்படி இருக்கு பாய்?" என்று கேட்டபோது, "எனக்குச் சிவப்பு தெரியாதுங்க, அண்ணன் சொல்லித்தான் கேட்டுட்டு வரேன்" என்று தயக்கமில்லாமல் சொன்னார்.

வெளியே வந்ததும் குத்புதீன், "இரும்புக் கடையை மூடிட்டு நம்ம கடைக்கே வந்துடேன். பாதி உன்னுது" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

பரக்கத் அலி சிரித்தார். "வேணாம்ணே. ஆணியும் தாழ்ப்பாளும் எனக்குப் பழகிப்போச்சு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சு வரேன், உட்கார்ந்து டீ குடிக்கிறேன்."

சொன்னபடியே வந்தார். கடைசிவரை ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவில்லை.